ஆறாம் அடிக்கும் ஏழாம் அடிக்கும் நடுவே

முனிரத்தினம் கத்தியைத் தொண்டைக்குழிக்கு மேலே வைத்த நேரம் பார்த்தா அந்தப் பாட்டு வர வேண்டும். ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்தால் ராயப்பன் எழுந்து வெளியே போயிருப்பார். ஐம்பது வருடமாக அப்படித்தான். டீக்கடையில் பாதி டம்ளரை வைத்துவிட்டு நடந்திருக்கிறார், கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு முன்னால் எழுந்து கை கழுவியிருக்கிறார், பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்திருக்கிறார். இப்போது கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, முகம் முழுக்க சோப்பு நுரை, தலை பின்னால் சாய்ந்து சலூன் நாற்காலிக் கட்டையில், தொண்டையில் கத்தி. எங்கே போவது? கண்ணாடிக்கு மேலே பலகையில் இருந்த எஃப்எம் பெட்டியில் அந்தப் பெண் மூச்சுவிடாமல் பேசினாள். "இன்னிக்கு என்ன விசேஷம் தெரியுமா மக்களே? நம்ம 'நீ வரும் தெரு' பாட்டுக்கு இன்னிக்கு அம்பது வயசு! பாட்டு முடிஞ்சதும் எங்கயும் போயிடாதீங்க. அதுல ஹம்மிங் பாடின வனஜாட்சி அம்மா ஜோலார்பேட்டையிலேருந்து நம்மகூட லைன்ல இருக்காங்க." ராயப்பனின் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. "ஆடாத நைனா, அறுத்துரும்" என்றான் முனிரத்தினம். பிறகு பெஞ்சில் காத்திருந்த தொந்திக்காரரிடம் திரும்பி, "சார், இந்தப் பாட்டுல ஒரு கேப்பு வரும் பாருங்க, அது நைனா போட்டதாம். நாலு வருஷமா எங்கிட்ட சொல்லிக்கினு இருக்காரு. இன்னும் கொஞ்ச நாள்ல சினிமாவையே இவருதான் கண்டுபுடிச்சாருன்னு சொல்லுவாரு" என்றான். தொந்திக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்தார். வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாது. கத்தி.

புல்லாங்குழல் தொடங்கிவிட்டது. வனஜாட்சி. உயிரோடுதான் இருக்கிறாள். இருக்க மாட்டாள் என்று அவர் நினைத்ததில்லை, ஆனால் இருக்கிறாள் என்றும் நினைத்ததில்லை. இத்தனை காலம் அவள் ஒரு கையாக மட்டும் இருந்தாள். நீலச் சேலை மடிப்பின் மேல் தட்டும் நாலு விரல், மோதிரம் இல்லாத விரல். இப்போது அந்தக் கைக்கு ஒரு உடம்பு வந்துவிட்டது, லைனில் ஒரு குரல் காத்துக்கொண்டிருக்கிறது. என்ன சொல்லப்போகிறாள்? மாஸ்டரைப் புகழ்வாள். எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள். பாட்டுக்கு இசையமைத்த மாஸ்டர் பரந்தாமன் செத்து இருபது வருடமாகியும் புகழ் குறையவில்லை. அந்த இரண்டு விநாடி நிறுத்தம் மகாபலிபுரத்தில் அலை வந்து திரும்புகிற இடைவெளியைப் பார்த்துத் தோன்றியது என்று டிவியில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான் அந்த மனுஷன். அலையாம். அன்றைக்கு அந்த நிறுத்தம் வந்து பாட்டு முடிந்தபோது மாஸ்டரின் முகம் எப்படிக் கறுத்தது என்று ரெக்கார்டிங் ஹாலில் இருந்த முப்பது பேருக்கும் தெரியும். முப்பது பேரில் இப்போது யார் மிச்சம்? குழல்காரர் போய்விட்டார், இதோ ஊதிக்கொண்டிருக்கிறவர். வயலின்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒவ்வொரு சாவுக்கும் போய் நின்றபோது ராயப்பன் மனசுக்குள் ஒரு சாட்சி குறைந்தது என்றுதான் நினைத்தார். பாவம்தான், ஆனாலும் அப்படித்தான் நினைத்தார். பாடகர் பல்லவி எடுத்தார். 'நீ வரும் தெருவில் என் வீடில்லை.' எத்தனை பேர் இதைப் பாடித் தாலி கட்டினார்கள், எத்தனை பேர் இதைப் பாடி மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதார்கள். அந்த நிறுத்தத்தில் பெண் மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று கல்யாண போட்டோக்காரர்கள் ஒரு வழக்கமே வைத்துவிட்டார்கள். டிவி போட்டியில் ஒரு சின்னப் பெண் அந்த நிறுத்தத்துக்குக் காத்திராமல் பல்லவிக்குப் போய்விட்டாள் என்று நடுவர் கண் கலங்கினார். ஆர்கெஸ்ட்ராவில் டோலக் வாசிக்கிற பையன்கள் அந்த இடத்தில் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டுகிறார்கள், நான் வாசிக்கவில்லை பார் என்று. வாசிக்காததற்குக் கைதட்டல். வாசிக்காதவனை மட்டும் யாருக்கும் தெரியாது.

கத்தி வலது தாடையில் இறங்கியது. சரக், சரக். முதல் சரணம். அந்த இடத்தில் டோலக் நிதானமாகத்தான் போகும். தன் கைதான் என்று ராயப்பனுக்கு இப்போதும் நம்ப முடியவில்லை. எவ்வளவு மெத்தென்று விழுகிறது. இருபத்தைந்து வயதுக் கை. அந்தக் கைக்கு வாசிக்கத் தெரியும், கண்ணுக்குத்தான் படிக்கத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு நின்றது படிப்பு. ரெக்கார்டிங் ஹாலில் எல்லோருக்கும் முன்னால் ஸ்டாண்டில் காகிதம் இருக்கும். இத்தனை பார், அதாவது இத்தனை தாளச் சுற்று, சும்மா இருக்க வேண்டும், அப்புறம் எட்டு அடி, அப்புறம் நாலு பார் சும்மா. வாசிக்கிறது பெரிய விஷயமில்லை, சும்மா இருக்கிறதை எண்ணுவதுதான் கஷ்டம். அவருடைய ஸ்டாண்டிலும் ஒரு காகிதம் வைப்பார்கள். அதைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டு, தூணுக்குப் பின்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருப்பார். முதல் தடவை தாளம் தப்பியபோது மாஸ்டர், "என்னடா ராயப்பா, கண்ணு தெரியலையா?" என்றார். தூண் உங்க கையை மறைக்குதுண்ணா என்று சமாளித்தார். இரண்டாவது தடவையும் தூண். மூன்றாவது தடவை தூண் காப்பாற்றாது என்று தெரிந்துவிட்ட அன்றைக்குத்தான், கோரஸ் வரிசையில் கடைசியாக நின்ற பெண் டீ குடிக்கப் போகிறபோது அவர் பக்கம் வந்து, குரலை இறக்கி, "என் கையைப் பாருங்க. நான் தட்டறப்ப வாசிங்க, நிறுத்தினா நிறுத்துங்க" என்றாள். எப்படிக் கண்டுபிடித்தாள்? அவர் காகிதத்தைத் தலைகீழாக வைத்திருந்தாராம். ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி. யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வருடம். அவர் தரையில் உட்கார்ந்திருப்பார், அவள் மூன்று முழ தூரத்தில் பலகை மேல் நிற்பாள், அவர் கண்ணுக்கு நேராக அவள் கை. ஒரு பெண்ணின் கையை மட்டும் மூன்று வருடம் பார்த்தால் என்ன ஆகும்? கண்ணாடி வளையலை மாற்றினால் தெரியும். காய்ச்சல் என்றால் விரலில் தெரியும். அவள் அப்பா கோபத்தில் பேசாமல் இருக்கிற நாட்களில் தட்டு கொஞ்சம் அழுத்தமாக விழும். முகம்தான் அவ்வளவாகப் பழக்கமில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் முகம் வரவில்லை. மூக்குத்தி எந்தப் பக்கம்? வலதா இடதா? கை வருகிறது, நகம் வருகிறது, கட்டைவிரல் ஓரத்தில் எண்ணெய் தெறித்த சின்னத் தழும்பு வருகிறது, முகம் வரவில்லை.

"இந்தப் பக்கம் திரும்பு நைனா." திரும்பினார். இரண்டாவது சரணம் வரப்போகிறது, அதற்கு முன்னால் வயலின்கள் எல்லாம் சேர்ந்து எழும்பும். அன்றைக்கு இருபத்தேழாவது டேக். காலையிலிருந்து யாராவது ஒருவர் தப்பு பண்ணிக்கொண்டே இருந்தார்கள், ஒருவர் தப்பினால் முப்பது பேரும் முதலிலிருந்து வர வேண்டும், அந்தக் காலத்தில் வெட்டி ஒட்டுவதெல்லாம் இல்லை. இருபத்தாறாவது முடிந்து டீ விட்டார்கள். பாத்திரம் கழுவுகிற குழாயடியில் அவள் டம்ளரை அலம்பிக்கொண்டிருந்தாள். ராயப்பன் பக்கத்தில் போய் நின்றார். என்ன தைரியத்தில் நின்றார் என்று தெரியாது. "நாளைக்கு உங்க வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்க்கட்டுமா?" என்றார். என்னத்துக்கு என்று அவள் கேட்கவில்லை. தண்ணீர் டம்ளரில் நிறைந்து வழிந்தது, வழிந்துகொண்டே இருந்தது. "டேக் முடியட்டும், சொல்றேன்" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் மணி அடித்தது. அப்புறம் சிவப்பு விளக்கு. அப்புறம் இந்தப் பாட்டு. பாட்டில் இப்போது போகிற இந்த வரி, இந்த வளைவு, இதை வாசித்தபோது அவர் மனசில் ஒன்றே ஒன்றுதான். முடியட்டும், முடியட்டும், சொல்றேன், சொல்றேன். ஆமாம் என்றால் இன்றைக்கே வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுக்க வேண்டும். இல்லை என்றால்? இல்லை என்றால் நாளையிலிருந்து எந்தக் கையைப் பார்ப்பது? இரண்டாவது சரணம் முடிந்து வயலின் எல்லாம் அடங்கி, அவள் ஹம்மிங் தனியாக ஏறி இறங்கி, அது நின்றதும் டோலக் மட்டும் எட்டு அடி, எட்டு முடிந்ததும் பாடகர் பல்லவிக்கு வர வேண்டும். அதுதான் காகிதத்தில் இருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். அவர் கையைப் பார்த்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து. ஆறு. விரல் நின்றது. சேலை மேல் படிந்து அப்படியே நின்றது. நிறுத்தினா நிறுத்துங்க. அவரும் நிறுத்தினார். ஹாலில் ஒரு சத்தம் இல்லை. டேப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு விரல் எழுந்து ஏழு, எட்டு என்று தட்டியது, அவரும் தட்டினார், பாடகர் எதுவுமே நடக்காதது போல உள்ளே வந்தார்.

டேக் முடிந்ததும் மாஸ்டர் அவர் எதிரில் வந்து நின்றது ஞாபகம் இருக்கிறது. "ஏண்டா நின்னே?" அவளைக் காட்டிக்கொடுக்க முடியுமா? "மறந்துட்டேன்ணா." அந்த நேரம் பார்த்து உள்ளே கண்ணாடி அறையிலிருந்து டைரக்டர் ஓடிவந்து மாஸ்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அந்த இடம்! அந்த இடத்தில உயிரே நின்னுபோச்சு சார்! எப்படி சார் தோணிச்சு?" மாஸ்டர் ஒரு விநாடி ராயப்பனைப் பார்த்தார். அப்புறம் டைரக்டரைப் பார்த்தார். "சும்மா... தோணிச்சு" என்றார். இந்தக் கூச்சலில் ராயப்பன் திரும்பிப் பார்த்தபோது பலகை காலி. அவள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். மறுநாள் வரவில்லை. மறுவாரம் வரவில்லை. அவள் கை இல்லாமல் அவர் நாலு ரெக்கார்டிங்கில் தாளம் தப்பினார், ஐந்தாவதுக்கு மாஸ்டர் ஆளனுப்பவில்லை. இரண்டு மாதத்தில் ஜோலார்பேட்டையில் ரயில்வேக்காரருக்கு அவளைக் கட்டிக்கொடுத்த செய்தி வந்தது. அப்போதுதான் அந்த விரல் நின்றதற்கு அர்த்தம் புரிந்தது. இல்லை என்பதை வாயால் சொல்ல மனசில்லாமல் கையால் சொல்லியிருக்கிறாள். படிக்கத் தெரியாதவனுக்கு என்ன கொழுப்பு, இத்தனை பேர் முன்னால் விழட்டும் என்று விட்டிருக்கிறாள். ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே என்று திட்டியிருக்கிறார். போட்டிருந்தால் யாரிடம் கொடுத்துப் படித்திருப்பார், அதை நினைத்துப் பார்த்ததில்லை. பிறகு நாடகக் கம்பெனி, கோயில் திருவிழா, கடைசியில் மேளங்களுக்குத் தோல் மூட்டுகிற வேலை. கல்யாணமும் ஆயிற்று. பாக்கியம் நல்லவள். அவளுக்கு இந்தப் பாட்டு என்றால் உயிர். பாட்டு தொடங்கினதுமே வேலை செய்கிற கை நிற்கும், கரண்டி அந்தரத்தில் நிற்கும். "உலகத்துக்கே பிடிச்ச பாட்டு, உங்களுக்கு மட்டும் ஏன் கசக்குது?" என்று கேட்பாள். பதிலுக்கு ரேடியோவை நிறுத்துவார். அவள் போய் எட்டு வருடம். அவளை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்க விட்டிருக்கலாம். விட்டிருக்கலாம். அப்புறம்தான் தெருவில் கண்டவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அது நான் போட்டது. பரந்தாமன் இல்லை, நான். நான் என்று சொல்லும்போது மனசுக்குள் ஒரு விரல் நின்றுகொண்டே இருக்கும்.

ஹம்மிங் வந்தது. இத்தனை வருடத்தில் அவர் காதால் கேட்காத ஹம்மிங். மெலிசாக, தண்ணீர் வழிகிற மாதிரி ஏறிப் போனது. ராயப்பனின் கை துணிக்கு அடியில் தொடையில் படிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. முனிரத்தினத்தின் கத்தி மெதுவானது. நாலு, ஐந்து, ஆறு. கத்தி கன்னத்தைவிட்டு எழுந்து காற்றில் நின்றது. தொந்திக்காரர் பேப்பரை இறக்கியிருந்தார். வாசலில் தண்ணீர் கேன் வண்டிக்காரர் ஒரு காலை ஊன்றியபடி நின்றிருந்தார். பிறகு ஏழு, எட்டு, பல்லவி, எல்லோரும் மறுபடி அசைந்தார்கள். "ம்... இன்னா கேப்பு!" என்றான் முனிரத்தினம், பெருமூச்சோடு.

பாட்டு தேய்ந்து அடங்கியது. "வனஜாட்சி அம்மா, வணக்கம்! எப்படி இருக்கீங்க?" "இருக்கேன்மா, நல்லா இருக்கேன்." கிழக்குரல். இது யார் குரல்? கைக்கு வயதாகும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. "அம்மா, அந்த ரெண்டு செகண்ட் சைலன்ஸ். பரந்தாமன் சார் கடல் அலையைப் பார்த்து வெச்சதுன்னு சொல்லுவாங்க. அன்னிக்கு நீங்க அங்கேயே இருந்தீங்க இல்ல?" கிழக்குரல் சிரித்தது. அந்தச் சிரிப்பு மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு வந்தது. "மாஸ்டர் நல்லாப் பேசுவார்மா. போய்ச் சேர்ந்துட்டார், அவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனா அது அவர் வெச்சது இல்லை. நான் வெச்சது." "நீங்களா? எப்படிம்மா?" "டோலக் வாசிச்சவர் ஒருத்தர். அவருக்கு முன்னாடி ஒரு தூண் இருந்தது, மாஸ்டர் கை தெரியாது. அதனால நான் கையில தாளம் தட்டுவேன், அவர் அதைப் பார்த்து வாசிப்பார்." தூண் என்றாள். தூண் என்று மட்டும் சொன்னாள். தலைகீழாக இருந்த காகிதத்தைச் சொல்லவில்லை. "அன்னிக்கு அவர் எங்கிட்ட ஒண்ணு கேட்டிருந்தார். முடிஞ்சதும் சொல்றேன்னேன். பாதிப் பாட்டுல பார்த்தா, கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கப்பா நிக்கிறார். முடிஞ்ச கையோட என்னைக் கூட்டிட்டுப் போயிடுவார்னு தெரிஞ்சுபோச்சு. வாயைத் திறக்க முடியாது, டேக் ஓடுது. அவரோ தலையைக் குனிஞ்சு என் கையையே பார்த்துட்டிருக்கார். அதான், தட்டறதை நிறுத்தினா என்னவோன்னு நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார், பார்த்தா தெரிஞ்சிடும்னு நிறுத்தினேன்." எஃப்எம் பெண்ணின் வேகம் இறங்கிவிட்டது. "பார்த்தாராம்மா?" "இல்லைம்மா. விரலையேதான் பார்த்துட்டிருந்தார், எப்படா தட்டுவேன்னு. நானும் ரெண்டு தட்டு நேரம் பார்த்தேன். அதுக்கு மேல நின்னா அவர் வேலை போயிடும். தட்டிட்டேன்." "பார்த்திருந்தா?" "பார்த்திருந்தா நான் ஏன் ஜோலார்பேட்டைக்கு வர்றேன்?" மறுபடி அந்தச் சிரிப்பு. "அவர் பேர் சொல்லுங்களேன்." "பேர் எதுக்கும்மா, அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கும். அவரே இல்லாமலும் போயிருக்கலாம். வேண்டாம்."

"அம்மாகூட நீங்களும் பேசலாம், நம்பர் நோட் பண்ணிக்கோங்க" என்று பெட்டி ஒரு நம்பரை இரண்டு தடவை சொல்லிவிட்டு விளம்பரத்துக்குப் போனது. முதலில் பேசியது தொந்திக்காரர்தான். "யாருய்யா அந்த மடையன்? பொம்பளை முகத்தைப் பார்க்காம கையைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கான்!" முனிரத்தினம் சிரிக்கவில்லை. கத்தியை மடக்கி வைத்தான். குனிந்து, பாதி நுரை ஒட்டியிருந்த முகத்தைப் பார்த்தான். "நைனா" என்றான், குரலே மாறிப்போய். "டோலக்கு. தூணு. நீ சொன்னதெல்லாம்... அய்யோ, நைனா." ராயப்பனுக்குக் கண்ணாடியில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. ஐம்பது வருடம் கேட்ட சாட்சி வந்துவிட்டது. ஊரறியச் சொல்லிவிட்டது. எழுந்து நின்று நான்தான் என்று சொன்னால் தொந்திக்காரர் முதற்கொண்டு நம்புவார்கள். நான்தான். எதை நான்தான்? தலையை அரை அடி தூக்கியிருந்தால் போதும். கழுத்தில் அன்றைக்குச் சுளுக்கா? அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்திருக்கும்? முப்பது பேர், ஒரு டைரக்டர், கதவுக்கு வெளியே ஒரு அப்பா, யாராவது ஒருவர் அதைப் பார்த்திருப்பார்கள். யாருக்காக வைத்த முகமோ அவனைத் தவிர எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதற்கப்புறம் ஊர் உலகமே அந்த இரண்டு விநாடியில் நிமிர்ந்து யாராவது ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவள் கேட்டதை எல்லோரும் செய்துகொண்டிருக்கிறார்கள், அவர் மட்டும் பாட்டு வந்தால் எழுந்து போய்க்கொண்டிருந்தார்.

முனிரத்தினம் போனை எடுத்து நம்பரை அழுத்திவிட்டிருந்தான். "மணி போவுது நைனா! யார் பேசறதுன்னு கேட்டா இன்னா சொல்ல? டோலக் ராயப்பன்னு போட்டு உடைச்சிடவா? ஊரே கேக்கட்டும்!" மணி போய்க்கொண்டிருந்தது. ராயப்பன் துணிக்கு அடியிலிருந்து கையை எடுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பேர் வேண்டாம்டா. பாட்டு கேக்கறவர்னு சொல்லு."

"இன்னா பேசணும்னு கேட்டா?"

"பேச ஒண்ணுமில்லை. அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடச் சொல்லு. முழுசா."